ஆற்றங்கரை மாளிகையில் ஒரு செருப்புக் கடை

இத்தாலிக்குப் போய் வந்தவர்களைக் கேட்டால் புளோரன்ஸ் நகரைப் பற்றி நெடுநேரம் பேசுவார்கள். ஓவியங்கள், பளிங்குச் சிலைகள், செந்நிறக் கூரை வேய்ந்த பெரிய தேவாலயம் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். நாமும் இப்போது அதே நகருக்குத்தான் போகப் போகிறோம். ஆனால் நாம் பார்க்கப் போவது ஒரு சோடிச் செருப்பை!

செருப்பைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று சிரித்துவிடாதீர்கள். அந்தச் செருப்பின் அடியில் ஒரு நகரத்தின் எழுநூறு ஆண்டுச் சரித்திரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓர் ஏழைக் குடியானவர் வீட்டுப் பையனின் உழைப்பும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கோட்டை போன்ற மாளிகை

புளோரன்ஸ் நகரின் நடுவே ஆர்னோ ஆறு ஓடுகிறது. ஆற்றின் மேல் உள்ள பாலங்களுள், இருபுறமும் நகைக் கடைகள் நிறைந்த பழைய பாலத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து ஆற்றோட்டத்தின் போக்கிலேயே சிறிது தூரம் நடந்தால் சாந்தா திரினிதா என்னும் அடுத்த பாலம் வரும். அந்தப் பாலத்தின் வடக்கு முனையில், மதில் பற்களோடு ஒரு கோட்டையைப் போல நிற்கிறது ஸ்பினி பெரோனி மாளிகை.

1289-ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய மாளிகை அது. கட்டியவர் ஸ்பினி குடும்பத்தைச் சேர்ந்த ஜேரி என்பவர். துணி வாணிபமும் வட்டித் தொழிலும் செய்து, போப்பாண்டவருக்கே பணம் புரட்டிக் கொடுத்த குடும்பம் அது. புளோரன்ஸ் இத்தாலியின் தலைநகராக இருந்த 1865 முதல் 1871 வரையிலான காலத்தில் நகராட்சி மன்றம் இந்த மாளிகையில்தான் இயங்கியது.

மாளிகைக்கு எதிரே சாந்தா திரினிதா தேவாலயம். அதற்குள் கிர்லாந்தாயோ என்னும் ஓவியர் 1485-ஆம் ஆண்டையொட்டித் தீட்டிய சுவர் ஓவியம் ஒன்று இருக்கிறது. சன்னலிலிருந்து விழுந்து இறந்துபோன சிறுவன் ஒருவனைப் புனித பிரான்சிஸ் உயிரோடு எழுப்பும் காட்சி அது. அந்தச் சிறுவன் விழுந்த மாளிகை எது தெரியுமா? வெளியே நாம் பார்த்த அதே மாளிகைதான்! ஓவியத்தில் அதைப் பார்த்துவிட்டு, வாசலுக்கு வந்தால் நேரிலும் பார்க்கலாம்.

இத்தனை பெருமை வாய்ந்த மாளிகையை 1938-ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கியவர் ஒரு செருப்புத் தொழிலாளி. அவர் பெயர் சால்வத்தோரே பெர்ரகாமோ. இன்று உலகத்தின் பெரிய நகரங்களில் எல்லாம் கண்ணாடிக் கதவு போட்ட கடைகளில் மின்னும் பெயர் அது.

பதினான்கு பிள்ளைகளில் ஒருவர்

பெர்ரகாமோ புளோரன்ஸ் நகரத்துக்காரர் அல்லர். இத்தாலியின் தென்பகுதியில், நேப்பிள்ஸ் நகரத்துக்கு அப்பால் மலைப்பாங்கான இடத்தில் உள்ள பொனித்தோ என்ற சிற்றூரில் 1898-ஆம் ஆண்டு பிறந்தவர். பெற்றோருக்குப் பதினான்கு பிள்ளைகள், அவர் பதினோராவது.

சிறு வயதிலேயே அவருக்குச் செருப்புத் தைக்க ஆசை. வீட்டில் ஒருவருக்கும் சம்மதமில்லை. செருப்புத் தைப்பதை எல்லாவற்றிலும் கீழான தொழில் என்று அவ்வூரார் எண்ணினார்கள். அந்த எண்ணம் எவ்வளவு பொல்லாதது என்று தமிழர்களாகிய நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒன்பது வயதில் ஒரு நாள், தேவாலயச் சடங்குக்குப் போக வேண்டிய தங்கைகளுக்கு வெள்ளைச் செருப்பு வாங்கப் பணமில்லை. பையன் பக்கத்துத் தொழிலாளியிடம் துணியும் அட்டையும் இரவல் வாங்கி, இரவோடு இரவாக இரண்டு சோடி செய்து முடித்தான். மறுநாள் பிள்ளைகள் புதுச் செருப்போடு தேவாலயம் போனார்கள். அதன் பிறகு வீட்டார் தடுக்கவில்லை.

பதினாறு, பதினேழு வயதில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அண்ணன் ஒருவர் வேலை செய்த பெரிய செருப்புத் தொழிற்சாலையை அங்கே பார்த்தார். இயந்திரங்கள் நாள் முழுதும் செருப்பைக் கக்கிக்கொண்டிருந்தன. அவருக்கு அது பிடிக்கவில்லை. கையால் செய்வதே செருப்பு என்று நம்பினார். கலிபோர்னியாவுக்குப் போய்த் திரைப்படக்காரர்களுக்குக் காலணி தைத்துக் கொடுத்தார். 1923-ஆம் ஆண்டில் ஹாலிவுட்டில் சொந்தக் கடை திறந்தார். நட்சத்திரங்கள் தேடி வந்தார்கள்.

அழகாக இருந்தும் தாம் செய்யும் செருப்பு ஏன் காலை வலிக்கச் செய்கிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. அதற்காகவே பல்கலைக்கழக வகுப்பில் மனித உடலின் எலும்பு அமைப்பைப் படித்தார். நிற்கும்போது உடல் பாரம் பாதத்தின் நடு வளைவில் இறங்குகிறது என்று அறிந்து, அந்த இடத்தைத் தாங்க ஓர் எஃகுத் தகட்டைச் செருப்பின் அடியில் பொருத்தினார். கற்றவர் கண்டதைக் கைத்தொழிலாளி காலுக்குக் கொண்டுவந்தார்.

ஏன் புளோரன்ஸ்?

கேட்ட இடமெல்லாம் செருப்பு தேவைப்பட்டது. ஆனால் கையால் தைக்கத் தெரிந்தவர்கள் அமெரிக்காவில் போதவில்லை. 1927-ஆம் ஆண்டில் அவர் தாய்நாட்டுக்குத் திரும்பினார். பிறந்த ஊருக்குப் போகவில்லை, நேப்பிள்ஸிலும் தங்கவில்லை. புளோரன்ஸைத் தேர்ந்தெடுத்தார். காரணம், அங்கே கைகள் இருந்தன.

இதைப் புரிந்துகொள்ள அந்த நகரத்தின் பழைய கதை தெரிய வேண்டும். இடைக்காலத்தில் புளோரன்ஸை மன்னர் ஆளவில்லை, தொழிற்குழுக்கள் ஆண்டன. கம்பளிக்காரர், பட்டுக்காரர், பணம் மாற்றுவோர், கொல்லர், இறைச்சி விற்போர் என்று மொத்தம் 21 குழுக்கள். செருப்புத் தைப்போருக்கும் தனிக் குழு உண்டு. ஓர்சன்மிக்கேலே என்ற தேவாலயத்தின் வெளிச்சுவரைச் சுற்றிலும் மாடங்கள் இருக்கின்றன. குழுக்கள் பலவும் தத்தமக்குரிய புனிதரின் சிலையை அந்த மாடங்களில் நிறுத்தின. செருப்புத் தொழிலாளிகள் நிறுத்தியது புனித பிலிப்பின் சிலை; நன்னி தி பாங்கோ என்ற பெரிய சிற்பி செதுக்கியது. வணிகரும் வட்டிக்காரரும் வைத்த சிலைகளுக்குச் சமமாக, அதே சுவரில் நின்றது அது. மூலச் சிலையை இப்போது உள்ளே பாதுகாப்பாக வைத்துவிட்டு, வெளியே அதன் படியை நிறுத்தியிருக்கிறார்கள்.

செருப்புத் தைப்பவன் தன் தொழிலைச் சொல்லி நிமிர்ந்து நிற்க முடிந்த நகரம் என்றால் அங்கே திறமை தழைக்காமல் என்ன செய்யும்? ஆற்றங்கரையில் தோல் பதனிடுவோர், தெருவுக்குத் தெரு தையல்காரர், சுற்றுப்புற ஊர்களில் வைக்கோல் பின்னும் பெண்கள், சரிகை பின்னும் பெண்கள் என்று தலைமுறை தலைமுறையாகக் கைவேலை பழகிய மக்கள். பெர்ரகாமோ அவர்களைத் திரட்டினார். அமெரிக்கத் தொழிற்சாலையில் பார்த்த வேலைப் பங்கீட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்: ஒருவர் வெட்ட, ஒருவர் தைக்க, ஒருவர் அடி ஒட்ட. இயந்திரத்தின் இடத்தில் கைகளை வைத்தார். செருப்பின் உள்ளே ஒட்டிய சீட்டில் தம் பெயரோடு புளோரன்ஸ், இத்தாலி என்றும் அச்சிட்டார். தெற்கத்திக்காரர் அந்த ஊரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

தட்டுப்பாடு தந்த புதுமை

1929-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பணச் சந்தை சரிந்தது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த வியாபாரம் நின்றது. 1933-ஆம் ஆண்டில் பெர்ரகாமோ கடனாளியாகிக் கடையை இழந்தார். மறுபடியும் அடியிலிருந்து தொடங்கினார்.

தலை தூக்கும் நேரத்தில் அடுத்த அடி விழுந்தது. 1935-ஆம் ஆண்டில் முசோலினியின் படை எத்தியோப்பியா மீது பாய்ந்தது. அந்த அநியாயத்துக்குத் தண்டனையாக உலக நாடுகள் சங்கம் இத்தாலி மீது பொருளாதாரத் தடை விதித்தது. நல்ல எஃகு கிடைக்கவில்லை. மட்டமான எஃகைப் போட்டுச் செய்த செருப்புகள் நடுவில் முறிந்து திரும்பி வந்தன.

அப்போதுதான் அவர் கண்ணில் தக்கை பட்டது. போத்தலை அடைக்கும் அதே தக்கைதான். இத்தாலிக்குச் சொந்தமான சார்தீனியாத் தீவில் தக்கை மரங்கள் ஏராளம். பால்மரத்தோடு பழகியவர்களுக்கு இந்த மரத்தைப் பற்றிச் சொல்வது சுலபம். அங்கும் பட்டைதான் பிழைப்பு. நாம் உளியால் பட்டையை மெல்லியதாகச் சீவுகிறோம். அவர்கள் கோடரியால் பட்டையைப் பலகை போல உரித்தெடுக்கிறார்கள். ஒருமுறை உரித்த மரம் மறுபடி பட்டை கட்ட ஒன்பது, பத்து ஆண்டுகள் வேண்டும். உள் மரத்தில் காயம் பட்டால் மரம் கெடும். அதனால் உரிப்பவன் கை பதமாக இருக்க வேண்டும். இங்கே கட்டையில் காயம் பட்டால் என்ன நடக்கும் என்று மரம் வெட்டும் எவருக்கும் தெரியும்.

அந்தத் தக்கையைத் துண்டு துண்டாக ஒட்டி, குதிகாலுக்கும் முன் பாதத்துக்கும் இடையே உள்ள வெற்றிடம் முழுவதையும் நிரப்பினார் பெர்ரகாமோ. எஃகு தேவையில்லாமல் போயிற்று. உயரமான செருப்பு, ஆனால் கனமில்லை. நடந்தால் மெத்தையில் நடப்பது போல. முதலில் பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். அணிந்து பார்த்தவர்கள் மறுபடி கேட்டு வந்தார்கள். 1938-ஆம் ஆண்டில் ஜூடி கார்லந்து என்ற நடிகைக்காக வானவில் நிறங்களை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த செருப்பு இன்றும் பேசப்படுகிறது. இன்று நம் பக்கத்து இரவுச் சந்தையில் விற்கும் முழு அடி உயரச் செருப்பு வரைக்கும் அந்தத் தக்கைச் செருப்பின் வழித்தோன்றல்தான்.

தோலும் அருமையாகிப் போனது. அதற்குப் பதில் வைக்கோல், சணல், மீன் தோல், தாவர்னெல்லே என்ற ஊரின் பெண்கள் ஊசியால் பின்னும் சரிகை, மிட்டாய் சுற்றும் கண்ணாடித் தாள் எல்லாம் செருப்பாயின. நாட்டில் என்ன கிடைத்ததோ அதை நாட்டு மக்களின் கைப்பழக்கம் அழகாக்கியது. போருக்குப் பின், ஆர்னோவில் மீன் பிடிப்போர் கையில் கண்ட நைலான் நூலை வைத்துக் கண்ணுக்குத் தெரியாத வார்ச்செருப்பு ஒன்று செய்தார். 1947-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அதற்குப் பெரிய பரிசு கிடைத்தது. இந்தியாவிலிருந்து கூச் பெஹார் மகாராணி இந்திரா தேவியும் அவருக்கு உத்தரவு அனுப்பினார். பதிக்க வேண்டிய வைரத்தையும் முத்தையும் அவரே கொடுத்தனுப்பினார்!

1950-ஆம் ஆண்டு வாக்கில் சுமார் 700 கைவினைஞர்கள் நாளொன்றுக்கு 350 சோடி செய்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சோடிக்கு இருவருடைய முழு நாள் உழைப்பு!

பெயர் தெரியாத கைகள்

இங்கே சிறிது நின்று யோசிக்க வேண்டும். செருப்பின் உள்ளே ஒரே ஒரு பெயர்தான் எழுதியிருக்கிறது. அந்த 700 பேரின் பெயர் எங்கே? தாவர்னெல்லேயில் சரிகை பின்னிய பெண்ணின் பெயர் எங்கே?

புளோரன்ஸ் வைக்கோல் தொப்பி ஒரு காலத்தில் உலகம் எல்லாம் போனது. சீஞ்ஞா என்ற பக்கத்து ஊரில் தாளுக்காகவே கோதுமை விதைத்தார்கள்; நெருக்கமாக விதைத்து, கதிர் முற்றும் முன்பே பிடுங்கி, வெயிலில் வெளுக்க வைத்தார்கள். அதைப் பின்னியவர்கள் ஏழைப் பெண்கள். விரல் தேயப் பின்னியும் கூலி வயிற்றுக்குப் போதவில்லை. 1896-ஆம் ஆண்டில் அந்தப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து தெருவில் இறங்கினார்கள். இத்தாலியின் கைவேலைப் பாரம்பரியம் என்று இன்று பெருமையாகச் சொல்லும்போது, அந்தப் பெண்களின் பசியும் அதில் ஒரு பகுதி என்பதை மறக்கக் கூடாது.

இது பழங்கதை மட்டும் அல்ல. 2024-ஆம் ஆண்டில் மிலான் நகர நீதிமன்றம், ஆடம்பரப் பொருள் தயாரிக்கும் வேறு சில பெரிய நிறுவனங்களின் உற்பத்திப் பிரிவுகளைத் தன் மேற்பார்வையின் கீழ் கொண்டுவந்தது. இத்தாலியிலேயே செய்தது என்று முத்திரை குத்திய கைப்பைகளைக் குத்தகைப் பட்டறைகளில், வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளிகள் அற்பக் கூலிக்கு, பட்டறையிலேயே படுத்துறங்கி இரவு பகலாகச் செய்தது விசாரணையில் தெரிய வந்தது. நிலைமையைச் சீர்ப்படுத்திய பின், 2025-ஆம் ஆண்டில் சில நிறுவனங்கள் மீதான மேற்பார்வை நீக்கப்பட்டது. முத்திரை உண்மைதான், பொருள் இத்தாலி மண்ணில்தான் தயாரானது. ஆனால் அந்த முத்திரைக்கு மதிப்புத் தந்தது என்ன? திறமைக்கு மரியாதை கிடைத்த பழைய பட்டறைகள். அந்த மரியாதையை எடுத்துவிட்டால் முத்திரையில் மிஞ்சுவது எழுத்து மட்டும்தானே! குத்தகைக்காரர் கையில் வேலை போனால் கூலிக்காரர் நிலை என்னவாகும் என்பது தோட்டத்து மக்கள் அறியாததா?

ஒரு தாயின் துணிவு

பெர்ரகாமோ 1960-ஆம் ஆண்டில் காலமானார். மனைவி வாந்தாவுக்கு அப்போது 38 வயது. பொனித்தோ ஊர் மருத்துவரின் மகள்; பதினெட்டு வயதில் கல்யாணமாகி வந்தவர்; வெளியே வேலைக்குப் போய் அறியாதவர். ஆறு பிள்ளைகள், கடைக்குட்டி இன்னும் குழந்தை. விற்றுவிட்டுப் போகலாம் என்று சொன்னவர்கள் உண்டு. அந்த அம்மாள் விற்கவில்லை. கணவரின் நாற்காலியில் தாமே உட்கார்ந்தார். அப்பாவிடம் தொழில் கற்றிருந்த மூத்த மகள் பியம்மா செருப்பு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் வளர வளர ஆளுக்கொரு பொறுப்பு. செருப்போடு கைப்பை, ஆடை, பட்டுக் கழுத்துத் துணி என்று தொழில் விரிந்தது. 1978-ஆம் ஆண்டில் பியம்மா வரைந்த, முன்புறம் நாடா முடிச்சு வைத்த காலணி உலகெங்கும் விற்றது. வாந்தா அம்மையார் 2018-ஆம் ஆண்டில், 96 வயதில் மறைந்தார்.

காலம் மாறத்தான் செய்கிறது. இயந்திரங்கள் வந்தன. 2011-ஆம் ஆண்டில் நிறுவனம் மிலான் பங்குச் சந்தையில் சேர்ந்தது. 2022-ஆம் ஆண்டில் அதன் வடிவமைப்புப் பொறுப்பு மாக்சிமிலியன் டேவிஸ் என்ற இளைஞரிடம் போனது. அவர் இங்கிலாந்தில் பிறந்தவர். கரிபியன் தீவுகளிலிருந்து வந்த குடும்பம். இத்தாலியின் பாரம்பரியத்தை இத்தாலியர் அல்லாத ஒருவரிடம் கொடுப்பதா என்று கேட்கலாம். ஆனால் தெற்கிலிருந்து புளோரன்ஸுக்கு வந்த பெர்ரகாமோவும் ஒரு வந்தேறிதானே! கற்றுக்கொள்கிறவனுக்குத்தான் பாரம்பரியம் சொந்தமாகிறது.

அச்சுகளும் கற்களும்

மாளிகையின் அடித்தளத்தில் 1995-ஆம் ஆண்டு முதல் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. குடும்பத்தார் சேர்த்து வைத்துள்ள காலணி வகைகள் பத்தாயிரத்துக்கும் மேல். அவற்றைவிட மனத்தைத் தொடுவது வாடிக்கையாளர்களின் பாதத்தை அளந்து செய்த மர அச்சுகள். மர்லின் மன்றோ, ஆட்ரி ஹெப்பர்ன் என்று வெள்ளித்திரையில் மின்னியவர்களின் பாதங்கள் அங்கே வெறும் மரக் கட்டையாக இருக்கின்றன. மேலே தோல் ஒட்டி ஒட்டித் தடிமனைக் கூட்டியிருக்கிறார்கள். பாதம் மாற மாற அச்சும் மாற வேண்டுமே! அத்தனை பொறுமையும் பெயர் தெரியாத ஒரு தொழிலாளியின் பொறுமை.

வெளியே வந்தால் மறுபடி அந்தப் பாலம். 1944-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பின்வாங்கிய ஜெர்மானியப் படை அதை வெடி வைத்துத் தகர்த்தது. புளோரன்ஸ் மக்கள் புதிதாக ஒரு சிமெண்டுப் பாலம் போட்டுக்கொள்ளவில்லை. ஆற்றுக்குள் இறங்கி விழுந்த கற்களைத் தேடி எடுத்தார்கள். பழைய முறையில் கல் செதுக்கத் தெரிந்தவர்களை வைத்து, 1958-ஆம் ஆண்டில் பழைய பாலத்தைப் பழையபடியே எழுப்பினார்கள். பாலத்தின் மூலையில் நிற்கும் வசந்த தேவதைச் சிலைக்குத் தலை மட்டும் கிடைக்கவில்லை. அது 1961-ஆம் ஆண்டில் ஆற்றுப் படுகையில் அகப்பட்டது. அதையும் கொண்டுவந்து பொருத்தினார்கள்.

கற்கள் ஆற்றில் கிடந்தன, சரி. ஆனால் செதுக்கத் தெரிந்த கை ஊரில் இல்லாமற் போயிருந்தால் பாலம் எழுந்திருக்குமா? அதனால்தான் போருக்குப் பின் சாந்தா குரோச்சே தேவாலயத்துத் துறவிகள், கோரி, கசினி என்ற இரு தோல்வினைக் குடும்பங்களோடு சேர்ந்து, போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குத் தோல் வேலை கற்றுத் தரும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். அந்தப் பள்ளி இன்றும் அதே இடத்தில் நடக்கிறது.

மாளிகையைப் பணம் இருந்தால் வாங்கலாம். பெயரைச் சீட்டில் அச்சிடலாம். கைப்பழக்கத்தை மட்டும் ஒருவர் கை பிடித்து இன்னொருவருக்குத்தான் தர முடியும். வீட்டில் பிள்ளைகள் ஊசி நூலையோ உளியையோ எடுத்து ஏதாவது செய்து பழகினால், இதெல்லாம் எதற்கு என்று பிடுங்கி வைத்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, பிடிக்கும் முறையைச் சொல்லிக் கொடுங்கள்.